குற்றவாளி அல்ல

ஊரில் ஏதேனும் ஒரு கொலை வழக்கு நடந்து, குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மீசை சரியாக முளைக்காத வாலிபனாகவும் இருந்துவிட்டால், வீட்டுக்கு வீடு ஒரு நியாயஸ்தலம் ஏற்பட்டுவிடுகிறது. காலைக் காப்பி ஆறுவதற்குள் தீர்ப்பும் ஆகிவிடுகிறது. "முகத்தைப் பார்த்தால் கொலை செய்கிறவனாகவா தெரிகிறது? பாவம், பச்சைப் பிள்ளை!" என்கிறாள் பாட்டி. "முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்? இவனைத் தூக்கில் போட்டால்தான் இன்னும் பத்துப் பேருக்குப் புத்தி வரும்" என்கிறார் மாமா. நம் தேசத்தில் கொலை வழக்குகளை ஜூரர்களை வைத்து விசாரிக்கும் முறை 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஒழிந்தது என்பார்கள். சட்டப் புத்தகத்தில் ஒழிந்திருக்கலாம். கூடத்திலும் திண்ணையிலும் அது சிரஞ்சீவியாக இருந்து வருகிறது.

இந்த வீட்டு ஜூரர்களில் நாமும் ஒருவர்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஒரு நாள் பாட்டியின் கட்சியிலும் மறு நாள் மாமாவின் கட்சியிலும் நாம் சேர்ந்ததுண்டு. இரண்டு கட்சியும் கேட்பது என்னவோ ஒரே கேள்விதான்: "இந்தப் பையன் விடுதலை பெறத் தகுதியுள்ளவனா?" காதுக்கு நல்ல கேள்வியாகவே இருக்கிறது. ஆனால் எழுபது வருஷங்களுக்கு முன் லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் படித்த பிறகு, அந்தக் கேள்வியே கோணலானதோ என்ற சந்தேகம் நமக்கு உண்டாயிற்று. நேயர்களுக்கு அந்த வழக்கைச் சொல்லிவிட்டு, சந்தேகத்தையும் அவர்கள் முன் வைத்துவிடலாம் என்று எண்ணுகிறோம்.

1952-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனுக்குத் தெற்கே கிராய்டன் என்னும் ஊரில் டாம்வொர்த் ரோடு என்று ஒரு வீதி. அந்த வீதியில் ஒரு மிட்டாய் வியாபாரக் கம்பெனியின் கிடங்கு இருந்தது. அதன் இரும்புக் கதவின் மேல் இரண்டு பையன்கள் ஏறிக் குதிப்பதை எதிர் வீட்டுச் சிறுமி ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பெற்றோரிடம் சொன்னாள், போலீஸுக்குத் தகவல் போயிற்று. மிட்டாய்க் கிடங்கில் பையன்கள் புகுந்தார்கள் என்றால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த இருவரில் ஒருவன் கையில் குழலை அறுத்துக் குட்டையாக்கிய ரிவால்வர் ஒன்று இருந்தது.

ரிவால்வர் வைத்திருந்தவன் கிரிஸ்டபர் கிரெய்க், வயது 16. மற்றவன் டெரிக் பெண்ட்லி, வயது 19. வயதில் மூத்தவன் பெண்ட்லி என்றாலும், கூட்டாளிகளில் யார் தலைவன், யார் பின்னால் போனவன் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பெண்ட்லிக்குக் காக்காய் வலிப்பு உண்டு. பத்தொன்பது வயதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அறிவில் அவன் ஏறக்குறைய பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சமானம் என்று பரிசோதனை செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சாது என்றும் சொல்வதற்கில்லை. முன்பே ஒரு திருட்டு வழக்கில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் வந்தவன். அன்றிரவு அவன் சட்டைப் பையில் ஒரு கத்தி இருந்தது. விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துவதற்கான இரும்பு வளையம் ஒன்றும் இருந்தது. அந்த வளையத்தைக் கொடுத்தவன் கிரெய்க். இரண்டையுமே பெண்ட்லி அன்றிரவு வெளியில் எடுக்கவில்லை.

போலீஸார் வந்தபோது இருவரும் கிடங்கின் தட்டையான கூரை மேல் இருந்தார்கள். ஃபேர்பாக்ஸ் என்னும் துப்பறியும் போலீஸ்காரர் தண்ணீர்க் குழாயைப் பற்றி மேலே ஏறினார். இருட்டு. ஆயுதமில்லாத மனிதர். அவர் தைரியத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பெண்ட்லியைப் பிடித்தார், அவன் திமிறிக்கொண்டான். அந்தக் கணத்தில்தான் அவன் வாயிலிருந்து ஐந்து ஆங்கில வார்த்தைகள் வந்தன என்று பிற்பாடு போலீஸ் சாட்சிகள் மூவர் சத்தியம் செய்தார்கள். "லெட் ஹிம் ஹாவ் இட், கிரிஸ்" என்பவை அந்த வார்த்தைகள். உடனே கிரெய்க் சுட்டான். குண்டு ஃபேர்பாக்ஸின் தோளைக் கீறிச் சென்றது. அப்படியும் அவர் பெண்ட்லியை மறுபடி பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு பெண்ட்லி ஓடப் பார்க்கவில்லை, அடிக்கவுமில்லை. காயம்பட்ட போலீஸ்காரரின் பக்கத்திலேயே நின்றான்.

ஏறக்குறைய கால் மணி நேரம் சென்றது. வேறு போலீஸார் மாடிப்படி வழியாக மேலே வந்தார்கள். படிக்கட்டின் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் கூரைக்கு வந்தவர் ஸிட்னி மைல்ஸ் என்ற கான்ஸ்டேபிள். கிரெய்க்கின் குண்டு அவர் நெற்றியில் பாய்ந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது. குண்டுகள் தீர்ந்ததும் கிரெய்க் கூரையிலிருந்து கீழே குதித்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான்.

இதுதான் நடந்தது. கடமையைச் செய்யப் போன ஒருவர் வீடு திரும்பவில்லை. அவருக்கு மனைவி இருந்தாள். அவளுடைய துக்கத்தை ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டுச் சட்டம் பேச நமக்கு மனம் வரவில்லை. யுத்தத்திற்குப் பின் வாலிபர்களின் அடாவடி பெருகிவிட்டது என்று இங்கிலாந்து முழுவதும் அப்போது ஒரே கூக்குரலாக இருந்தது. இத்தகைய சமயத்தில் ஜனங்கள் கேட்பது நியாயம் என்று பெயர் சூட்டப்பட்டதாயிருந்தாலும், உள்ளுக்குள் அது ஈடு கேட்பதுதான். உயிருக்கு உயிர் வேண்டும். சுட்டவனுக்கோ வயது 16. பதினெட்டு நிரம்பாதவனைத் தூக்கிலிட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் தூக்குக் கயிற்றுக்கு எஞ்சியிருந்தவன் யார் என்பதை நேயர்களே கணக்குப் பார்த்துக் கொள்ளலாம்.

டிசம்பர் மாதம் 9-ஆம் தேதி லண்டனின் புகழ்பெற்ற ஓல்டு பெய்லி நியாயஸ்தலத்தில் விசாரணை ஆரம்பமாயிற்று. இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்தி விசாரித்தார்கள். விசாரித்தவர் இங்கிலாந்தின் பிரதம நீதிபதியான லார்டு காடார்டு. சர்க்கார் தரப்பில் வாதித்தவர் கிரிஸ்ட்மஸ் ஹம்ப்ரீஸ். இந்தப் பெயர் நம்மவர்களில் சிலருக்கு வேறு விதத்தில் பழக்கமாயிருக்கலாம். லண்டனில் பௌத்த சங்கத்தை 1924-ல் ஸ்தாபித்தவர் அவரே. புத்த பகவானின் தர்மத்தைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர். அஹிம்ஸையை மாலையில் போதித்துவிட்டுக் காலையில் மரண தண்டனைக்காக வாதாடுவது எப்படிச் சாத்தியம் என்று கேட்டால், வக்கீல் தொழிலை அறிந்தவர்கள் புன்னகை செய்வார்கள்.

வழக்கின் சிக்கல் இதுதான். சுட்டவன் பெண்ட்லி அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இருவர் ஒரே நோக்கத்துடன் கிளம்பி, தடுப்பவரைப் பலாத்காரமாக எதிர்ப்பது என்றும் எண்ணியிருந்து, அவர்களில் ஒருவன் கொன்றால் மற்றவனும் கொலைக்குப் பொறுப்பாளி என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஐந்து பேர் அரிவாளுடன் போய் ஒருவன் மட்டும் வெட்டினால், மற்ற நால்வரும் "நாங்கள் வேடிக்கை பார்த்தோம்" என்று சொல்லித் தப்புவதற்கு எந்த நாடும் சம்மதிக்காது. ஆனால் பெண்ட்லி விஷயத்தில் ஒரு பெரிய இடையூறு இருந்தது. மைல்ஸ் சுடப்பட்டபோது பெண்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். பிடிபட்டு, எதிர்க்காமல், கால் மணி நேரமாக நின்றவனுக்குப் பிடிபடாதவன் செய்யும் காரியத்தில் இன்னும் பங்கு உண்டா? உண்டு என்று காட்ட வேண்டுமானால் அந்த ஐந்து வார்த்தைகள் வேண்டும். அவனே "சுடு" என்று தூண்டினான். அந்தத் தூண்டுதல் கடைசிக் குண்டு வரையில் வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

வார்த்தைகளைப் பாருங்கள். தமிழில் "அவருக்குக் கொடு, கிரிஸ்" என்று சொன்னால் ஏறக்குறைய அதே பொருள் வரும். அதே குழப்பமும் வரும். "கொடு" என்றால் கையிலுள்ளதைக் கொடுத்துவிடு என்றும் ஆகும். "அவனுக்கு ஒன்று கொடு" என்று சண்டையில் சொன்னால் அடி என்றும் ஆகும். துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்றே பெண்ட்லி சொல்லியிருக்கலாம் அல்லவா என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் நாம் அதில் அதிகமாகச் சாய விரும்பவில்லை. ஏனென்றால் விசாரணையில் பெண்ட்லி அப்படி வாதாடவில்லை. அந்த வார்த்தைகளைத் தான் சொல்லவே இல்லை என்றான். கிரெய்க்கும் அவை சொல்லப்படவில்லை என்றான்; விடுதலையாகிப் பல வருஷங்கள் சென்ற பிறகும் அதையே சொன்னான். மூன்று போலீஸார் ஒரு பக்கம். உயிருக்கு வாதாடும் இரண்டு பையன்கள் மறு பக்கம். யாரை நம்புவது?

இரண்டாவது சாட்சியம், பெண்ட்லியின் வாக்குமூலம் என்று போலீஸார் கொடுத்த ஒரு காகிதம். அவன் தானாகச் சொல்லச் சொல்ல, கேள்வி எதுவும் கேட்காமல், அப்படியே எழுதிக்கொண்டது என்று அவர்கள் பிரமாணமாகக் கூறினார்கள். அதிலே, கிரெய்க் துப்பாக்கியை உபயோகிக்கப் போகிறான் என்று தனக்குத் தெரியாது என ஒரு வாக்கியம் இருந்தது. "ஆகா! அப்படியானால் துப்பாக்கி இருந்தது என்று தெரியும்!" என்று அந்த ஒரு வாக்கியமே அவனுக்கு எமனாயிற்று.

இந்தக் காகிதத்தைப் பல வருஷங்களுக்குப் பின்பு மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியல் பேராசிரியர் எடுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட விஷயங்கள் நமக்கு மிகவும் சுவாரஸ்யமாக இருந்தன. காகிதத்தில் மொத்தம் 582 வார்த்தைகள். அவற்றில் "பிறகு" என்னும் பொருளுள்ள "தென்" என்ற சொல் பத்து முறை வருகிறது. சாதாரண ஜனங்கள் பேச்சில் அது அவ்வளவு அடிக்கடி வருவதில்லை. அது மட்டுமல்ல, "ஐ தென்" என்று, அதாவது "நான் பிறகு இன்னது செய்தேன்" என்று, எழுவாய்க்குப் பின்னால் அந்தச் சொல்லை ஒட்ட வைக்கும் தோரணை போலீஸாரின் அறிக்கைகளுக்கே உரியது. நம் ஊரில் எழுத்தறியாத மாடு மேய்க்கும் பையன் ஒருவன் கொடுத்த வாக்குமூலத்தில் "மேற்படி ஸ்தலத்தில் மேற்படி நபரை நான் நேரில் கண்ணுற்றேன்" என்று இருந்தால், எழுதிய பேனா யாருடையது என்று கேட்க வேண்டுமா?

அதைவிட நுட்பமான விஷயம் இன்னொன்று. "இன்னது நடக்கவில்லை", "இன்னது எனக்குத் தெரியாது" என்ற வாக்கியங்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. யாராவது கேட்டால்தான் வரும். வீட்டுக்குள் நுழையும்போதே குழந்தை "நான் சீடை டப்பாவைத் தொடவில்லை" என்று சொன்னால், வாசலில் யாரோ அதை விசாரித்திருக்கிறார்கள் என்றுதான் தாய் நினைப்பாள். பெண்ட்லியின் காகிதத்தில் இப்படிப்பட்ட மறுப்பு வாக்கியங்கள் பல இருந்தன. கேள்வியே கேட்கவில்லை என்று சொன்ன இடத்தில் கேள்விகளின் அடிச்சுவடுகள் இருந்தன. பதில்கள் மட்டும் கோவையாகக் கோக்கப்பட்டு ஒரு பையனின் கதையாக ஆகியிருந்தன.

இதெல்லாம் 1952-ல் ஜூரர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேறு விஷயங்கள் இருந்தன. பெண்ட்லியின் மூளை வளர்ச்சியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. சட்டத்தின் அரிச்சுவடியில் முதல் பாடமும் அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

முதல் பாடம் என்ன என்பதை விளக்க, பெண்ட்லி வழக்குக்குப் பதினேழு வருஷங்கள் முந்திய ஒரு வழக்கைச் சுருக்கமாகக் கூறுகிறோம். அதிலும் ஒரு வாலிபன்தான். ரெஜினால்டு உல்மிங்டன் என்னும் 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி. கோபித்துக்கொண்டு தாய் வீடு போன இளம் மனைவியை அழைக்கத் துப்பாக்கியுடன் போனான். அவள் குண்டு பட்டு இறந்தாள். திரும்பி வராவிட்டால் நானே சுட்டுக்கொண்டு சாவேன் என்று பயமுறுத்தப் போனேன், கை தவறி வெடித்துவிட்டது என்றான். கொன்றது நிச்சயமானபடியால், தற்செயல் என்பதை நிரூபிப்பது அவன் பொறுப்பு என்று விசாரித்த நீதிபதி ஜூரர்களிடம் சொன்னார். அவர்கள் குற்றவாளி என்றார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 1935-ல் அங்கே தீர்ப்புக் கூறியவர் லார்டு ஸாங்கி. வட்ட மேஜை மகாநாட்டில் சமஷ்டி அமைப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். மகாத்மா காந்தி 1931-ல் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். நம் தேசத்துக்கு அந்த மகாநாட்டினால் கிடைத்தது என்ன என்பது வேறு விஷயம். ஆனால் உல்மிங்டன் வழக்கில் ஸாங்கி கூறியது உலகத்துக்கே உபயோகமாயிற்று. இங்கிலாந்தின் குற்றச் சட்டம் முழுவதிலும் ஒரு பொன்னிழை ஓடுகிறது, குற்றத்தை நிரூபிக்க வேண்டியது பிராசிக்யூஷனின் கடமை என்பதே அது, என்று அவர் கருத்துரைத்தார். பையன் தன்னை நிரபராதி என்று காட்ட வேண்டியதில்லை. அவர்கள் காட்டியதில் நியாயமான சந்தேகம் எஞ்சினால் போதும். உல்மிங்டன் விடுதலையானான்.

உல்மிங்டன் அந்த விடுதலைக்குத் "தகுதி" உள்ளவனா? மனைவியிடம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகிறவன் எப்படிப்பட்ட புருஷன்? நம் பாட்டிகூட அவனுக்கு ஆதரவாக வாய் திறக்க மாட்டாள். இங்கேதான் கேள்வியின் கோணல் நமக்குப் புலப்படுகிறது. "குற்றவாளி அல்ல" என்பது நல்ல பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல. நற்சாட்சிப் பத்திரமும் அல்ல. தமிழில் "குற்றவாளி அல்ல" என்பது வேறு, "நிரபராதி" என்பது வேறு. நீதிபதி முதல் வார்த்தையைச் சொல்கிறார். வாசலில் நிற்கும் கூட்டம் இரண்டாவது வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு பாதி ஆரவாரம் செய்கிறது, மறு பாதி கல்லெறிகிறது. உண்மையில் அங்கே பரீட்சை எழுதியது பையன் அல்ல. பிராசிக்யூஷன்தான் பரீட்சை எழுதியது.

இந்தப் பொன்னிழையை லார்டு காடார்டு எங்கே விட்டார் என்று பார்க்கலாம். ஜூரர்களுக்குச் சொல்லும் முடிவுரையில் அவர், போலீஸார் அன்றிரவு காட்டிய வீரத்தை மிகவும் எடுத்துக் கூறினார். அவ்வளவு வீரர்கள் பொய் சொல்லுவார்களா என்று யோசிக்கும்படி செய்தார். பெண்ட்லியின் பையிலிருந்த இரும்பு வளையத்தின் கொடுமையைச் சுட்டிக் காட்டினார். வீரத்துக்கும் காதில் விழுந்த வார்த்தையைச் சரியாக நினைவு வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? குண்டுகள் பறக்கும் இருட்டில் மகா வீரனும் தவறாகக் கேட்கலாம். வெளியில் எடுக்காத வளையத்துக்கும் கிரெய்க் சுட்ட குண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பிரதம நீதிபதி சொல்லும்போது பன்னிரண்டு சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்! 75 நிமிஷ நேரம் ஆலோசித்துவிட்டு வந்து, இருவரும் குற்றவாளிகள் என்றார்கள். பெண்ட்லிக்கு மட்டும் கருணை காட்ட வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள்.

இந்தச் சிபாரிசைப் பற்றி நாம் அடிக்கடி யோசித்ததுண்டு. தீர்ப்பில் சொல்ல முடியாத சந்தேகத்தைச் சிபாரிசில் சொன்னார்களோ? சட்டம் இரண்டே வார்த்தைகளை அவர்களுக்குக் கொடுத்திருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டார்கள், ஆனால் மனம் கேட்கவில்லை. கருணை வழங்குவது ராஜாங்கத்தின் வேலை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள் போலும். வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிக் கை கழுவும் வழக்கம் ஜூரர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ராஜாங்கம் பார்த்துக்கொள்ளவில்லை. 1953 ஜனவரி 13-ஆம் தேதி அப்பீல் தள்ளுபடியாயிற்று. உள்நாட்டு மந்திரி ஸர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப் சாமான்ய மனிதரல்ல. நூரெம்பெர்க்கில் நாஜித் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்து புகழ் பெற்றவர். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் கருணை காட்ட மறுத்தார். பார்லிமெண்டில் ஏறக்குறைய இருநூறு அங்கத்தினர்கள் பிரேரணை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். தண்டனை நிறைவேறுவதற்கு முன் அதை விவாதிக்க முடியாது என்று சபாநாயகர் கூறிவிட்டார். ஜனவரி 28-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வாண்ட்ஸ்வொர்த் சிறையில் டெரிக் பெண்ட்லி தூக்கிலிடப்பட்டான். வெளியே ஜனங்கள் கூட்டமாக நின்று கூச்சலிட்டார்கள். சுட்ட கிரெய்க் பத்து வருஷம் சிறையில் இருந்து, 1963-ல் வெளியே வந்து, அமைதியாகத் தொழில் செய்து பிழைத்தான். அவன் பிழைத்ததில் நமக்கு வருத்தமில்லை. பதினாறு வயதில் கொலை செய்தவனும் திருந்தி வாழ முடியும் என்பதற்கு அவனே சாட்சி. பெண்ட்லியும் அப்படித் திருந்தியிருக்கக்கூடும் என்பதை நிரூபிக்கத்தான் சாட்சி இல்லாமற் போயிற்று.

அந்த ஜூரர்களின் இடத்தில் நாம் இருந்திருந்தால்? கிடங்கில் புகுந்து திருட வந்த குற்றத்துக்குப் பெண்ட்லியைத் தயங்காமல் குற்றவாளி என்றிருப்போம். தண்டனையும் வேண்டும் என்றிருப்போம். போலீஸ்காரரின் பிடியிலிருந்து திமிறியதற்கும் அப்படியே. கொலைக்கு? சொன்னானோ சொல்லவில்லையோ என்று நிச்சயமில்லாத ஐந்து வார்த்தைகள். சொல்லியிருந்தாலும் முதல் குண்டோடு தீர்ந்துபோயிருக்கக்கூடிய தூண்டுதல். பிடிபட்ட பின் கால் மணி நேரச் சாந்தம். யாருடைய நடை என்று தெரியாத ஒரு காகிதம். இவற்றைத் தராசில் வைத்து ஒரு உயிரை நிறுக்க நமக்குக் கை எழாது. "குற்றவாளி அல்ல" என்றிருப்போம். மாமா நம்மை இளகிய மனசுக்காரன் என்று சொல்லக்கூடும். இளகுவதற்கு இங்கே ஒன்றுமில்லை. கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

கோவலன் விஷயத்தில் தவறு தெரிந்த கணத்திலேயே பாண்டியனுக்குச் சிங்காதனத்தில் உயிர் போயிற்று. பெண்ட்லி விஷயத்தில் தவறை ஒப்புக்கொள்ள இங்கிலாந்துக்கு 45 வருஷம் பிடித்தது. அவனுடைய தகப்பனார் முறையிட்டு முறையிட்டு 1970-களில் காலமானார். பிறகு தமக்கை ஐரிஸ் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆண்டுதோறும் மனு, மந்திரி மாறினால் புதிய மனு. 1993-ல் அரை மன்னிப்பு ஒன்று வந்தது: தூக்கிலிட்டது சரியல்ல, ஆனால் குற்றவாளி குற்றவாளியே என்றார்கள். அவள் அதை ஏற்றுத் திருப்தியடையவில்லை. கடைசியில் 1998 ஜூலை 30-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு, பிரதம நீதிபதி லார்டு பிங்ஹாமின் வாயினால், பெண்ட்லியின் மேல் ஏற்பட்ட கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை லார்டு காடார்டு ஜூரர்களுக்குச் சரிவரச் சொல்லவில்லை. அவருடைய முடிவுரை நியாயமான விசாரணையையே அந்தப் பையனுக்கு இல்லாமல் செய்துவிட்டது என்பது காரணம். பெண்ட்லி அப்பழுக்கற்றவன் என்று அந்தக் கோர்ட்டு சொல்லவில்லை. அதைச் சொல்வது அதன் வேலையும் அல்ல. ஐரிஸ் அந்தத் தீர்ப்பைக் கேட்க இல்லை. முந்திய வருஷமே அவள் இறந்துபோனாள்.

இந்த வழக்கில், எழுதத் தெரியாத பெண்ட்லி சொல்ல வேறொருவர் எழுதிய காகிதங்கள் இரண்டு உண்டு. ஒன்று போலீஸ் நிலையத்தில் எழுதப்பட்டது. அதன் நடையைப் பற்றித்தான் மேலே கூறினோம். மற்றொன்று தூக்கிலிடப்படுவதற்கு முதல் நாள், சிறையில் ஓர் அதிகாரி எழுதிக்கொடுத்தது, வீட்டுக்குக் கடிதம். அதில் அம்மாவுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் தான் போட்டு வைத்திருக்கும் சைக்கிள் சட்டங்களைத் துருப்பிடிக்க விட்டுவிடக்கூடாது, என்றைக்காவது உபயோகப்படும்.